ரஹீம் சாஹிப்: வகுப்பறையிலிருந்து ஜகார்த்தா வரை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் ஊர்மேல் நீளத் தொடங்கும் அஸர் நேரத்துக்குப் பின், பேகம்பூர் வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கேனும் ஒரு காலியிடத்தைத் தேடிப் பிடித்துப் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் இரண்டு செங்கற்கள், மறுபக்கம் இரண்டு ஜோடிச் செருப்புகள்; அவையே கோல் கம்பங்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை ஆட்டம் ஓயாது. புழுதி படிந்த கால்களோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் அத்தாமார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பந்து சோறு போடுமா?" இக்கேள்வி நம்மிடமும் கேட்கப்பட்டது; காலம் மாறியபின் நாமும் நம் பிள்ளைகளிடம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2024 நோன்புப் பெருநாளையொட்டி 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது, அதன் நாயகனைப் பற்றி நம் இளைஞர்கள் சிலர் வியப்போடு விசாரித்தனர். இப்படி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா, வாழ்ந்திருந்தால் ஏன் எவரும் நமக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுடைய ஆதங்கம். அது நியாயமானதே. வாழ்ந்தார். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். திரைப்படத்துக்கு வேண்டியது வெற்றியும் கண்ணீரும். அவை அதில் நிறையவே உள்ளன. நமக்கு வேண்டியதோ அந்த வெற்றிக்கு முந்தைய இருபது ஆண்டுகள். ஓர் ஆசிரியர் தம் ஊர்ப் பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்ற விவரத்தையே நாம் தேடினோம். அதை இங்கே எழுதுகிறோம்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாமின் ஆட்சி நடந்த காலம் அது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதன் கால்பந்து அணியிலும் ஆடினார். அக்கல்லூரியின் பழைய மாணவர்களும் அப்போதைய மாணவர்களும் சேர்ந்து அமைத்த 'லெவன் ஹண்டர்ஸ்' அணியிலும் அவருக்கு இடம் இருந்தது. ஆட்டக்காரராக அவர் நாடறிந்த புகழை எட்டவில்லை. படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பணிக்குச் சென்றார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி எனப் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். இக்காலத்தில் நாம் 'பி.டி. வாத்தியார்' என்று சற்று அலட்சியத்தோடு சொல்கிறோமே, அந்தப் பணிதான்.

அக்காலத்தில் இந்திய முஸ்லிம்களுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1891-இல் தோன்றிய கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அந்த லீக்கில் ஆங்கிலேய அணிகளை மீறிப் பட்டம் வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. கப்பற்கூலிகளும் சிறு வியாபாரிகளும் கூட்டம் கூட்டமாக அதன் ஆட்டங்களைக் காணச் சென்றனர். ஹைதராபாத்தின் இளைஞர்களும் அந்த அலையைக் கண்டு வளர்ந்தவர்களே. ஆனால் கல்கத்தாவில் இருந்ததுபோல் பெரிய கழகங்களோ பணம் படைத்த புரவலர் கூட்டமோ ஹைதராபாத்தில் இல்லை. அங்கே இருந்தது காவல்துறை.

1943-இல் ரஹீம் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். ஏறத்தாழ அதே காலத்தில் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. இவ்விரு பொறுப்புகளும் ஒருவரிடமே சேர்ந்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம் என்று நாம் கருதுகிறோம். சங்கத்தின் செயலாளராகத் தெருவிலும் பள்ளியிலும் ஆடும் சிறுவர்களை அவர் கண்டறிந்தார். பயிற்சியாளராக அவர்களை ஆட்டக்காரர்களாக உருவாக்கினார். காவல்துறையோ அவர்களில் தேறியவர்களுக்குச் சீருடையும் மாதச் சம்பளமும் தந்தது. பந்து சோறு போடுமா என்று கேட்ட ஹைதராபாத் தாய்மார்களுக்கு அது போதிய விடையாக இருந்திருக்கும்.

ஐந்தாண்டுகள் கழித்து 1948 செப்டம்பர் வந்தது. இந்தியப் படைகள் நுழைந்தன. நிஜாம் ஆட்சி நான்கைந்து நாட்களில் முடிவுக்கு வந்தது. அப்போதும் அதன் பின்னரும் அம்மாநில முஸ்லிம்கள் பட்ட துயரத்தை இங்கே விரித்து எழுத நாம் முனையவில்லை. உயிரிழப்புகள் நேர்ந்தன, பலர் அரசு வேலைகளை இழந்தனர், பலர் ஊரை விட்டே சென்றனர். எஞ்சியவர்களின் முன் நின்ற கேள்வி, இந்தப் புதிய நாட்டில் நமக்கு இடம் உண்டா என்பது. அதற்கு அரசியல்வாதிகள் ஒரு விதமாகவும் மார்க்க அறிஞர்கள் ஒரு விதமாகவும் விடை தேடிக்கொண்டிருந்தனர். ரஹீம் மேடை ஏறிப் பேசவில்லை. காலையில் பள்ளிக்கும் மாலையில் மைதானத்துக்கும் சென்றார்.

1950-இல், விடுதலைக்குப் பின் டெல்லியில் முதன்முதலாக நடந்த டூரண்ட் கோப்பையின் இறுதியில் ஹைதராபாத் நகரக் காவல் அணி மோகன் பகானை வென்றது. அதே ஆண்டில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையும் வென்றது. பின்னர் 1951, 1952, 1953, 1954 என ரோவர்ஸ் கோப்பை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணியிடமே இருந்தது. ஈராண்டுக்கு முன் தலைகுனிந்து நின்ற ஒரு நகரத்தின் கான்ஸ்டபிள்கள், நாட்டின் பெரும் கழகங்களை வீழ்த்திவிட்டுக் கோப்பையோடு ரயிலில் ஊர் திரும்பினார்கள். அந்த அணியில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை. இந்துக்களும் கிறித்தவர்களும் இருந்தனர். நிலையத்தில் வரவேற்றவர்களுக்கு அது நம் ஊர் அணி. அந்நகரத்து முஸ்லிம்களுக்கு இதைவிட மென்மையான ஆறுதல் வேறெங்கும் கிடைத்திருக்காது என்பது நம் துணிபு.

இனி, அவர் என்னதான் செய்தார் என்று பார்ப்போம்.

அக்காலத்து ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் பந்தைக் காலை விட்டு அகலவிடாமல் எதிரிகளைத் தாண்டித் தாண்டிச் செல்வதில் பெருமை கொண்டவர்கள். பார்வையாளர்களும் அதற்கே கைதட்டினர். ரஹீமுக்கு அது பிடிக்கவில்லை. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவன் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் மற்றப் பத்துப் பேரும் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். பந்து வந்ததும் ஒரே தொடுகையில் அடுத்தவனுக்குத் தள்ளிவிடவும், தள்ளியதும் புதிய இடத்துக்கு ஓடவும் அவர் பழக்கினார். இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்று ஆசிரியராகிய அவருக்குத் தெரியும். ஆகவே சிறுவர்களுக்கென்று விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் டிரிப்ளிங் அறவே கூடாது. இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலக்காலன் இடக்காலாலும், இடக்காலன் வலக்காலாலும். தோற்பதும் சிரிப்பதுமாகத் தொடங்கிய அப்போட்டிகளிலிருந்து இரு காலும் சரியாக வாய்த்த ஒரு தலைமுறை வளர்ந்தது.

ஆசிரியர்கள் இதன் நுட்பத்தை எளிதில் அறிவார்கள். நன்றாகத் தெரிந்ததையே மீண்டும் மீண்டும் செய்ய எந்தப் பிள்ளையும் விரும்பும். தெரியாததைச் செய்யவைக்க வேண்டுமானால் திட்டியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. எல்லோரும் தடுமாறும்படி ஒரு விளையாட்டை அமைத்துவிட வேண்டும். அப்போது எவனுக்கும் வெட்கம் இருக்காது.

ஹைதராபாத்தின் இரட்டை நகரான செகந்தராபாத்தில், இராணுவக் குடியிருப்புப் பகுதியை ஒட்டிய அம்முகுடா என்ற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. தந்தை காளிதாஸ், தாய் முத்தம்மா. அவர்களின் மகன் துல்சிதாஸ் பலராம். வறுமைமிக்க வீடு. ஆட்டத்துக்கான பூட்ஸ் வாங்க வழியில்லாத அந்தச் சிறுவனுக்கு, கழித்துப் போட்ட பழைய போலீஸ் காலணிகளின் தோலைக் கொண்டு செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் பூட்ஸ் தைத்துக் கொடுத்தார் என்பதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோல் ஷாப்புகளின் வாடையிலேயே வளர்ந்த நம் திண்டுக்கல்காரர்களுக்கு, அந்தப் பழைய தோலின் விறைப்பும் கனமும் சொல்லாமலே விளங்கும்.

அந்த இளைஞனின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத் அணித் தேர்வுக்கு வரும்படி அழைத்தார். வர இயலாது என்று பலராம் சொன்னார். காரணம், அங்கிருந்து ஹைதராபாத்துக்குத் தினமும் வந்துபோகக் கையில் காசில்லை. ரஹீம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வாடகைச் சைக்கிளுக்கான பணத்தைக் கொடுத்தார். பள்ளி ஆசிரியரின் சம்பளத்திலிருந்து சென்ற காசு அது. அந்தச் சைக்கிளில் வந்த இளைஞன் 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்குகளிலும் 1962 ஆசிய விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடினான். அர்ஜுனா விருதும் பெற்றான். 2023 பிப்ரவரியில் இறக்கும்வரை, தம் வாழ்வைப் பற்றி எவர் கேட்டாலும் பலராம் தவறாமல் சொன்ன பெயர் ரஹீம் சாஹிப்.

நம் சமூகத்தில் ஸதகாவும் ஜகாத்தும் குறைவின்றி நடக்கின்றன. ஆயினும் ஒரு பிள்ளையின் திறமை எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிறு தொகையை வைக்கும் கண் நமக்கு அரிதாகவே வாய்க்கிறது. அந்தப் பிள்ளை நம் மார்க்கத்தவனா என்று ரஹீம் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1950 வாக்கில் இந்திய அணியின் பயிற்சியும் அவரிடம் வந்தது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சாஹு மேவாலால்; அணித்தலைவர் சைலன் மன்னா. அடுத்த ஆண்டே தலையில் இடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோல்வி. குளிரில், ஈரப் புல்தரையில், நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினர். வெறுங்கால் ஆட்டம் ஒரு காலத்தில் நம் பெருமையாகப் பேசப்பட்டது. 1911-இல் மோகன் பகான் வெறுங்காலோடுதான் ஆங்கிலேயப் படை அணியை வென்றது. ஆனால் பெருமையைக் கட்டிக்கொண்டு பத்து கோல்கள் வாங்கிய பிறகு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அத்தோல்விக்குப் பின் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

தோற்ற பயிற்சியாளர்கள் வீரர்களைக் குறை சொல்வதும், ஆட்டத் தரையைக் குறை சொல்வதும், வானிலையைக் குறை சொல்வதும் எக்காலத்திலும் உண்டு. ரஹீம் தம் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டார். ஐரோப்பிய அணிகள், குறிப்பாக அக்காலத்து ஹங்கேரி, நடு முன்கள வீரரைப் பின்னுக்கு இழுத்து எதிரணியின் காவலைக் குலைத்த முறையை உன்னிப்பாகக் கவனித்தார். தடுப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்களத்தில் நால்வர் என்று ஆடும் முறைக்குப் பின்னர் வந்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அம்முறையை உலகறியச் செய்தது. ஹைதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் அதே திசையில்தான் சிந்தித்துக்கொண்டிருந்தார். 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் மோதிய கொழும்புக் கோப்பை நான்கு முறையும் இந்தியாவுக்கே கிடைத்தது. முதல் முறை மட்டும் பாகிஸ்தானோடு பகிர்ந்து கொள்ளப்பட்டது.

அதன்பின் மெல்போர்ன். 1956 ஒலிம்பிக்கின் காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார்; ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய வீரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தது அதுவே முதல் முறை. நான்காவது கோல், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியுடையது. அரையிறுதியில் எதிரே நின்றது மீண்டும் யூகோஸ்லாவியா. நான்காண்டுக்கு முன் பத்து கோல்கள் அடித்த அந்நாட்டுக்கு எதிராக இரண்டாம் பாதியில் முதல் கோலை அடித்தது இந்தியா. முடிவில் 4-1 என்று தோற்றது உண்மைதான். பல்கேரியாவோடு நடந்த வெண்கலப் போட்டியிலும் 3-0 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான். அந்த அணியில் அஜீஸுத்தீன், நூர் முஹம்மத், அஹ்மத் ஹுசைன், ஜுல்ஃபிகாருத்தீன், பலராம் என்று ஹைதராபாத் பிள்ளைகள் நிரம்பியிருந்தனர். ரோவர்ஸ் கோப்பை கான்ஸ்டபிள்களும் வாடகைச் சைக்கிள் இளைஞனும் உலகின் நான்காவது அணியாக நின்றார்கள். அக்காலத்தையொட்டியே, 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் சந்தோஷ் கோப்பை ஹைதராபாத்துக்கு வந்தது.

ரோமில் 1960-இல் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகியவற்றோடு ஒரே பிரிவில் சிக்கிக்கொண்ட இந்தியா, ஹங்கேரியிடம் 2-1 என்று நெருங்கித் தோற்றது. பிரான்ஸோடு 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 3-1 எனத் தோற்று வெளியேறியது. இந்தியக் கால்பந்து அணி அதன்பின் ஒலிம்பிக்குக்கு இன்னும் செல்லவில்லை. ரோம் அணியைப் பற்றிச் சொல்ல இன்னொரு செய்தி உண்டு. ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹகீம் அந்த அணிக்குத் தேர்வாகியிருந்தார். மூன்று ஆட்டங்களிலும் அவர் களமிறக்கப்படவில்லை. பயிற்சியாளரின் மகன் ரோம் வரை சென்று, பக்கத்தில் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். மகனுக்கு ஓர் ஆட்டம் கொடுத்திருந்தால் யார்தான் தட்டிக் கேட்டிருப்பார்கள்! பொறுப்பை அமானிதமாகக் கருதுகிறவர்களின் வீடுகளில் இத்தகைய மௌனங்கள் உண்டு.

ஜகார்த்தா ஆசிய விளையாட்டு 1962-இல் நடந்தபோது ரஹீமின் உடலில் நுரையீரல் புற்றுநோய் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பின் தாய்லாந்தை 4-1 எனவும் ஜப்பானை 2-0 எனவும் வென்று அணி நிமிர்ந்தது. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. தலையில் கட்டோடு இருந்த அவரை அரையிறுதியில் தடுப்பில் நிறுத்தாமல் முன்களத்தில் நடுவே ஆடவைத்தார் ரஹீம். வழக்கப்படி யோசிக்கிறவர் எவரும் செய்யத் துணியாத மாற்றம் அது. இரு காலும் எல்லா இடமும் பழகியிருக்க வேண்டும் என்று சிறுவர்களுக்குச் சொன்னவர், தேசிய அணியிலும் அதையே செய்தார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அந்த ஆட்டத்தில் ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இதற்கிடையே ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்தது. அதைச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினர் ஜி.டி. சோந்தி கண்டித்தார். அதன் கோபம் இந்திய வீரர்கள்மேல் பாய்ந்தது. இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. அணியின் பேருந்தைக்கூட மறைத்து ஓட்ட வேண்டிய நிலை.

அன்றிரவு ரஹீம் தம் வீரர்களிடம், தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கத்தை வென்று தாருங்கள் என்று கேட்டதாக அவ்வீரர்கள் முதுமையிலும் சொல்லிச் சொல்லிக் கலங்கினர். செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதம் இசைக்கப்பட்டபோதும் கூச்சல் அடங்கவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பதை நம் வீரர்கள் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் இறுதிப் போட்டிக்குத் திரும்பினார். அவரும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், மதராஸ் ரெஜிமெண்ட் வீரர். பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, இருபதாம் நிமிடத்தில் கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் சிங். கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. 2-1. முதல் ஆட்டத்தில் தங்களைத் தோற்கடித்த அதே அணியை வென்று சுனி கோஸ்வாமியின் தலைமையில் இந்தியா தங்கம் பெற்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பின் இந்தியாவுக்கு இன்னொரு தங்கம் கிடைக்கவில்லை.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வயது ஐம்பத்து மூன்று. அவருக்குக் கடுமையான புகைப்பழக்கம் இருந்தது. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது நம் வழக்கம். விட்டுவிடுவதால் யாருக்கும் நன்மையில்லை என்று கருதி எழுதுகிறோம். பிள்ளைகளின் மூச்சையும் ஓட்டத்தையும் அவ்வளவு அக்கறையோடு வளர்த்தவர் தம் நுரையீரலைக் காத்துக்கொள்ளவில்லை.

நாடு அவருக்குப் பத்ம விருது எதையும் வழங்கவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது ஏற்படுத்தப்பட்டதே 1985-இல்தான். ஹைதராபாத்தின் உள்ளூர் லீக் போட்டி அவர் பெயரால் நடத்தப்பட்டது, அவ்வளவே. மகன் ஹகீம் விமானப்படையில் அதிகாரியாகப் பணியாற்றி, பயிற்சியாளராகவும் சர்வதேச நடுவராகவும் இருந்து, 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021 ஆகஸ்டில் மறைந்தார். தந்தையிடம் ரோமில் ஆடிய தமிழகத்து சைமன் சுந்தரராஜ் பின்னர் பயிற்சியாளராகி, 1973-இல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். விருதுகளைவிட இத்தகைய தொடர்ச்சியே ஓர் ஆசிரியருக்குரிய வாரிசுரிமை.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல்லுக்கும் தக்காணத்துக்கும் உறவு புதிதன்று. 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடம் என்பதால்தான் பேகம்பூருக்கு அப்பெயர். இந்த ஊரின் முஸ்லிம்கள் தோல் தொழிலிலும் வியாபாரத்திலும் உழைத்துத் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இப்போது பொறியியல், மருத்துவம், வெளிநாட்டு வேலை என்பவையே பெற்றோரின் கனவு. அதில் குறை காண நமக்கு மனமில்லை. ஆனால் மாலை நேரத்தில் நம் பிள்ளைகளின் கையில் இருப்பது என்ன? பந்தைப் பறித்த இடத்தில் நாம் கொடுத்தது செல்பேசி. ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு தேர்வுக் காலத்தில் முதலில் பலியாவதை நாம் கண்டிருக்கிறோம். அருமை நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதைப் பார்த்து நின்றதையும் ஜுமுஆ மேடையில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பந்தை ஒளித்து வைக்கிறோம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதுகூட நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. பெண்பிள்ளைகளுக்கு ஆடும் இடம் என்ற பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ரஹீம் சாஹிபின் போட்டிகளில் ஒன்றை நம் தெருப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தோம். இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று சொன்னோம். முதல் சில நிமிடங்கள் ஒரே சிரிப்பு. பந்து எங்கெங்கோ சென்றது. இரண்டு பேர் தம் காலிலேயே தட்டி விழுந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் கோல்மேல் கோலாக அடித்துக்கொண்டிருந்தான். அவன் இயல்பிலேயே இடக்காலன் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் ஒன்றுகூடி முறையிட, அவனை வலக்காலுக்கு மாற்றினோம். மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவனால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. மறுநாள் அஸருக்குப் பின் எங்களுக்கு முன்பே வந்து, சுவரில் வலக்காலால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.